சீரகத் தண்ணீர் முதல் பிரசவ அறை வரை: ‘மூன்று தாமதங்கள்’ என்னும் கருத்து

நிறைமாதப் பெண்ணுக்கு இடுப்பு வலி எடுத்தால், இராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் வீட்டுப் பெரியவர்கள் முதலில் அடுப்பில் வைப்பது சீரகத் தண்ணீர். குடித்த பின் வலி அடங்கினால் அது சூட்டு வலி. அடங்காமல் விட்டுவிட்டு வந்து இறுகினால் அது பிரசவ வலி. இந்தச் சோதனையை மூடப்பழக்கம் என்று தள்ளிவிட முடியாது. பொய்வலி நேரம் செல்லச் செல்லத் தணியும், மெய்வலி நெருங்கி நெருங்கி வரும் என்பது மருத்துவமும் ஒப்புக்கொள்ளும் வேறுபாடே. ஆனால் எவ்வளவு நேரம் காத்திருப்பது, அதற்குள் பனிக்குடம் உடைந்தாலோ உதிரம் பட்டாலோ என்ன செய்வது, வண்டியைக் கூப்பிடலாம் என்று சொல்ல வேண்டியவர் யார் ஆகிய கேள்விகளுக்கு வீட்டுக்கு வீடு விடை மாறுகிறது. பேறுகாலப் பாதுகாப்பைப் பற்றிய பொதுச் சுகாதார ஆய்வில் மிக அதிகமாகப் பயன்படும் கருத்துகளுள் ஒன்று இந்தக் கேள்விகளைச் சுற்றியே அமைந்தது. அதற்கு ‘மூன்று தாமதங்கள்’ என்று பெயர்.

செரீன் தாடியஸ், டெபோரா மெய்ன் என்ற இரு ஆய்வாளர்கள் 1994இல் வெளியிட்ட ஒரு கட்டுரை இக்கருத்தைப் பரவலாக்கியது. ஒரு தாய் இறந்தால், எந்த நோயால் இறந்தார் என்று கேட்பதே அதுவரை பெரும்பான்மையான வழக்கமாக இருந்தது. அவர்களோ, வலியோ சிக்கலோ தொடங்கிய நேரத்திலிருந்து தகுந்த சிகிச்சை கிடைத்த நேரம் வரை கழிந்த மணித்துளிகள் எங்கெங்கே போயின என்று கேட்டார்கள். மருத்துவமனைக்குப் போவதென்று முடிவெடுப்பதில் ஏற்படுவது முதல் தாமதம். புறப்பட்டவர் போய்ச் சேர்வதில் ஏற்படுவது இரண்டாவது. போய்ச் சேர்ந்த இடத்தில் உரிய சிகிச்சை தொடங்குவதில் ஏற்படுவது மூன்றாவது. சொல்வதற்கு மிக எளிதான இந்தப் பகுப்பு, பழியை யார்மீது போடுவது என்ற சண்டையிலிருந்து ஆய்வை விடுவித்தது என்பதே அதன் பெரிய பயன் என்று நான் கருதுகிறேன்.

மணிக்கணக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு, 1980களிலேயே மெய்ன் தொகுத்த ஒரு மதிப்பீடு இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. சிகிச்சை கிடைக்காத நிலையில், சிக்கல் தொடங்கியதிலிருந்து இறப்பு வரை சராசரியாக எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதே அந்த மதிப்பீடு. பிரசவத்துக்குப் பிந்திய உதிரப்போக்குக்கு 2 மணி நேரம். பிரசவத்துக்கு முந்திய உதிரப்போக்குக்கு 12 மணி நேரம். கருப்பை கிழிந்தால் ஒரு நாள். கர்ப்பகால இரத்த அழுத்தம் மிகுந்து வலிப்பு வந்தால் இரண்டு நாள். குழந்தை இறங்காமல் பிரசவம் தடைப்பட்டால் மூன்று நாள். கிருமித்தொற்றுக்கு ஆறு நாள். ஒரே ஊரில், ஒரே சாலையில், ஒரே வண்டியில் புறப்பட்டாலும், தொற்று ஏற்பட்டவருக்குத் தாராளமாக இருக்கும் நேரம் உதிரப்போக்கு ஏற்பட்டவருக்குப் போதாமல் போகிறது. ஆகவே, மருத்துவமனை தொலைவிலா அருகிலா என்பதை அளக்க வேண்டிய அளவுகோல் கிலோமீட்டர் ஆகாது. எந்தச் சிக்கலுக்கு எத்தனை மணி நேரம் என்பதே அளவுகோல்.

இங்கே ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். கர்ப்ப காலத்திலோ, கர்ப்பம் எவ்வகையில் முடிந்திருந்தாலும் அதன்பின் 42 நாள்களுக்குள்ளோ, கர்ப்பத்தோடு தொடர்புடைய காரணத்தால் அல்லது கர்ப்பத்தால் மோசமான ஒரு நோயால் பெண் இறந்தால் அது பேறுகால இறப்பு. சாலை விபத்து போன்ற தற்செயலான காரணங்கள் இதில் சேரா. உயிருடன் பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு இத்தகைய இறப்புகள் எத்தனை என்பது பேறுகால இறப்பு விகிதம். இந்திய மாதிரிப் பதிவு முறையின் 2018–20 கணக்குப்படி இது நாடு முழுவதற்கும் 97 ஆகவும், தமிழ்நாட்டுக்கு 54 ஆகவும், கேரளத்துக்கு 19 ஆகவும் இருந்தது.

இந்த எண்ணை ஒரு மாவட்டத்துக்குக் கொண்டுவரும்போது எச்சரிக்கை வேண்டும். ஒரு மாவட்டத்தில் ஆண்டுக்கு 18,000 குழந்தைகள் பிறப்பதாக வைத்துக்கொள்வோம். விகிதம் 54 என்றால், அங்கே ஓராண்டில் எதிர்பார்க்கக்கூடிய இறப்புகள் ஒன்பது அல்லது பத்து. அடுத்த ஆண்டு அது ஆறாகக் குறைந்தாலும் பதின்மூன்றாகக் கூடினாலும், மருத்துவச் சேவையில் எந்த மாற்றமும் நிகழாமல் வெறும் தற்செயலால்கூட அப்படி ஆகியிருக்கலாம். ‘இறப்பு பாதியாகக் குறைந்தது’ என்று ஒரு மாவட்டத்தைப் பற்றி ஓராண்டுக் கணக்கை வைத்துச் செய்தி வந்தால், வாசகர் சற்று நிதானிப்பது நல்லது. சிறிய எண்களைக் கூட்டிக் கழிப்பதைவிட ஒவ்வோர் இறப்பின் கதையையும் மணிவாரியாக விசாரிப்பது அதிகம் கற்றுத் தரும் என்பதால்தான் மூன்று தாமதங்கள் என்ற கருத்து மாவட்ட அளவில் இவ்வளவு பயன்படுகிறது.

முதல் தாமதத்தை அறியாமை என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவது எளிது, தவறும்கூட. கணவர் விசைப்படகில் கடலுக்குப் போன இரவில், மாமியாரும் மருமகளும் மட்டும் இருக்கும் வீட்டில், மூத்த குழந்தையை யாரிடம் விட்டுவிட்டுப் போவது என்ற கேள்விக்கு விடை கிடைக்காமலே ஒரு மணி நேரம் போய்விடக்கூடும். ஆண்கள் வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் கீழக்கரை, பெரியபட்டினம் போன்ற ஊர்களில், அறுவைச் சிகிச்சை வேண்டும் என்று மருத்துவர் சொன்னால் ஒரு தொலைபேசி அழைப்புக்காகக் குடும்பம் காத்திருக்க நேரலாம். பாம்பன், சின்னப்பாலம் பகுதிகளில் கடல்பாசி எடுக்கும் பெண்களுக்கு மாதத்தில் குறிப்பிட்ட நாள்களில் மட்டுமே அந்த வருமானம் உண்டு. பரிசோதனைக்குப் போகும் நாள் அந்த நாள்களில் ஒன்றாக அமைந்துவிட்டால் பரிசோதனைதான் தள்ளிப்போகும். இவர்கள் யாரும் ஆபத்தை அறியாதவர்கள் அல்லர். முடிவெடுக்கும் அதிகாரமும் பணமும் ஆள்துணையும் ஒரே நேரத்தில் ஒரே கையில் இல்லாததே இங்கே தாமதம்.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போகும் வழக்கமும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. அன்பின் பொருட்டு எழுந்த அந்த வழக்கத்தைக் குறைசொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ வளைகாப்பு முடிந்து ஒரு பெண் சாயல்குடியிலிருந்து தொண்டிக்குப் போகும்போது, அவருடைய இரத்த அழுத்தம் மூன்று மாதமாக மெல்ல ஏறிவருகிறது என்பதை அறிந்த கிராம சுகாதாரச் செவிலியர் சாயல்குடிப் பக்கத்திலேயே இருந்துவிடுகிறார். புதிய ஊர் நர்சம்மாவுக்கு அவர் முன்பின் அறியாதவர். தமிழ்நாட்டில் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் ‘பிக்மி’ எண் கொடுத்துப் பதிவு செய்வதன் நோக்கங்களுள் ஒன்று, ஆள் ஊர் மாறினாலும் விவரம் பின்தொடர வேண்டும் என்பதே. கணினியில் எண் இருந்தாலும், கையில் தாய் சேய் நல அட்டை இருக்கிறதா, அதில் கடைசியாக அளந்த அழுத்தமும் ஹீமோகுளோபினும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பார்ப்பது இன்னும் விரைவான வழி.

பதினெட்டு வயது நிரம்பாத பெண் கருவுற்றால் முதல் தாமதம் வேறொரு முகம் கொள்கிறது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, அத்தகைய கர்ப்பம் மருத்துவமனைக்குத் தெரிந்தால் காவல்துறைக்குத் தெரிவிக்கப்பட வேண்டும். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காப்பதற்காக வந்த சட்டம் அது. ஆயினும் கணவரோ காதலரோ சிறைக்குப் போவார் என்ற அச்சத்தில், இளவயதில் மணமுடித்த பெண்ணின் குடும்பம் பதிவையே தள்ளிப்போடுவதும், வயதை மாற்றிச் சொல்வதும், பரிசோதனை எதுவுமின்றி நேரே பிரசவத்துக்கு வந்து நிற்பதும் சுகாதாரப் பணியாளர்கள் அறிந்த செய்திகளே. கருக்கலைப்புக்காக வரும் இளம்பெண்ணின் பெயரையும் அடையாள விவரங்களையும் மருத்துவர் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் கூறியது இந்த அச்சத்தின் ஒரு பகுதியைத் தணிப்பதற்காகத்தான். இந்தத் தீர்ப்பு கருக்கலைப்பு குறித்தது என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும்.

இரண்டாவது தாமதத்தைப் பற்றி இந்தக் கடற்கரைக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. பாம்பனில் சாலைப் பாலம் திறக்கப்பட்ட 1988 வரை, இராமேசுவரம் தீவிலிருந்து மண்டபத்துக்கு வர ரயிலோ படகோதான் வழி. அதன்பின் சாலையும், 2008இல் 108 ஆம்புலன்சும் வந்த பிறகு இந்தத் தாமதம் பெருமளவு சுருங்கியது. ஆனால் அது முற்றிலும் மறைந்துவிடாமல் உருமாறிவிட்டது. வீட்டிலிருந்து முதல் மருத்துவமனைக்குப் போகும் பயணம் குறுகியது. ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் பயணம் நீண்டது. இராமேசுவரத்திலிருந்து இராமநாதபுரம் ஏறத்தாழ 55 கிலோமீட்டர். அங்கிருந்து மதுரை இன்னும் 115 கிலோமீட்டர் அளவு. ‘மதுரைக்கு எழுதிவிட்டார்கள்’ என்று இந்தப் பக்கத்தில் சொல்லப்படும் வாக்கியத்தைக் கேட்டவுடன் குடும்பத்தார் முகம் மாறுவது அந்தத் தொலைவால் மட்டும் அன்று; நிலைமை கைமீறிவிட்டது என்பதன் அறிவிப்பாக அது ஒலிக்கிறது. 2022இல் இராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டதை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். அப்போதும் எதை எங்கே அனுப்புவது, அனுப்பும் முன் என்ன மருந்து கொடுப்பது, போய்ச்சேரும் இடத்துக்கு முன்கூட்டியே தொலைபேசியில் சொல்வது யார் என்பவை தனியே வரையறுக்கப்பட வேண்டியவை. உதிரப்போக்கோடு ஒருவரை வண்டியில் ஏற்றிவிட்டு, பெறும் மருத்துவமனைக்குத் தகவல் சொல்லாமல் விட்டால், வழியில் மிச்சம் பிடித்த நேரம் வாசலில் செலவாகிவிடும்.

மூன்றாவது தாமதத்துக்கு வருவோம். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்று, அதாவது 2019–21, தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவ நிறுவனங்களில் நடந்ததாகக் காட்டியது. ஏறக்குறைய எல்லாரும் மருத்துவமனைக்கு வந்துவிட்டார்கள் என்றால், இனி நிகழும் இறப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு விடையும் மருத்துவமனையின் கதவுக்கு உள்ளேதான் தேடப்பட வேண்டும். இந்த இடத்தில் தாய்நல ஆய்வு, ‘நோயாளிப் பாதுகாப்பு’ என்ற மற்றொரு துறையோடு கைகோக்கிறது. நோயால் வரும் தீங்கு ஒன்று; சிகிச்சை அளிக்கும் முறையாலோ, அளிக்க வேண்டியதை அளிக்காததாலோ வரும் தீங்கு வேறொன்று. இரண்டாவது வகையைத் தவிர்ப்பதே நோயாளிப் பாதுகாப்பு. உலகச் சுகாதார நிறுவனம் ஆண்டுதோறும் செப்டம்பர் 17ஐ உலக நோயாளிப் பாதுகாப்பு நாளாகக் கடைப்பிடிக்கிறது. 2021இல் அதன் பொருளே பாதுகாப்பான தாய் சேய் பராமரிப்புதான்.

உள்ளே நிகழும் தாமதம் எப்படியிருக்கும் என்பதை உதிரப்போக்கை வைத்தே புரிந்துகொள்ளலாம். பிரசவத்துக்குப் பின் 500 மில்லிலிட்டருக்கு மேல் இரத்தம் போனால் அது மிகை என்பது நெடுங்காலமாகப் பயன்படும் வரையறை. ஆனால் துணியிலும் தரையிலும் சிந்திய இரத்தத்தைக் கண்ணால் பார்த்து அளவு சொன்னால், அனுபவமுள்ளவர்களும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். செவிலியர் கவனக்குறைவானவர் என்பதால் இப்படி ஆவதில்லை. கண்ணின் இயல்பு அது. இதற்குக் கண்டுபிடிக்கப்பட்ட தீர்வு வியப்பூட்டும் அளவுக்கு எளியது: இடுப்புக்குக் கீழே விரிக்கும், அளவுக் கோடுகள் போட்ட ஒரு பிளாஸ்டிக் பை. அதில் இரத்தம் ஒரு கோட்டைத் தொட்டதும், கருப்பையைத் தடவிப் பிசைதல், கருப்பையைச் சுருங்கவைக்கும் மருந்து, இரத்தம் உறைய உதவும் டிரனெக்சாமிக் அமிலம், நரம்பு வழியே திரவம், உதிரம் எங்கிருந்து வருகிறது என்ற பரிசோதனை ஆகிய அனைத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திராமல் சேர்த்துத் தொடங்குவது. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளின் 80 மருத்துவமனைகளில், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடையே நடந்து 2023இல் வெளியான ‘இ-மோட்டிவ்’ ஆய்வில், இந்த முறை கடுமையான உதிரப்போக்கு, அதற்காக வயிற்றைத் திறக்கும் அறுவை, அதனால் நேரும் இறப்பு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தபோது 60 சதவீதம் குறைத்தது. மருந்துகள் எல்லாம் பழையவையே. புதிதாக வந்தது, எப்போது தொடங்குவது என்பதில் தயக்கத்தை நீக்கிய ஒரு கோடு மட்டும்தான்.

டிரனெக்சாமிக் அமிலத்தைப் பற்றி 2017இல் வெளியான, ஏறத்தாழ 20,000 பெண்கள் பங்கேற்ற மற்றோர் ஆய்வும் நேரத்தையே பேசியது: பிரசவத்திலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் உதிரப்போக்கால் வரும் இறப்பு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, அதற்குப் பிந்தினால் பயன் தென்படவில்லை. மருந்துப் பெட்டியைப் பற்றியும் ஒரு சொல். கருப்பையைச் சுருக்கும் ஆக்சிடோசின் 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டிய மருந்து. சித்திரை வெயிலில், மின்வெட்டு நேர்ந்த துணைச் சுகாதார நிலையத்தில், குளிர்பெட்டி சூடாகியிருந்தால் குப்பியில் மருந்து இருக்கும். அதன் ஆற்றல் இருக்காது. வெப்பத்தைத் தாங்கும் கார்பிடோசின், ஆக்சிடோசினுக்கு இணையாக உதிரப்போக்கைத் தடுக்கிறது என்று இந்தியா உட்பட பத்து நாடுகளில் நடந்து 2018இல் வெளியான ஆய்வு காட்டியதைக் கடற்கரை மாவட்டங்கள் கருத்தில் கொள்ளத்தக்கது.

எளிய கருவி எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்ற நம்பிக்கைக்கும் ஒரு கடிவாளம் வேண்டும். 28 செயல்கள் கொண்ட ‘பாதுகாப்பான பிரசவச் சரிபார்ப்புப் பட்டியல்’ உத்தரப் பிரதேசத்தின் 120 மருத்துவ நிலையங்களில், ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களில் சோதிக்கப்பட்டு, முடிவுகள் 2017இல் வெளிவந்தன. பட்டியலைப் பயன்படுத்தப் பயிற்சி அளித்த இடங்களில் கை கழுவுதல், இரத்த அழுத்தம் அளத்தல் போன்ற நற்பழக்கங்கள் தெளிவாகக் கூடின. பயிற்றுநர்கள் வந்துபோவது நின்ற பின் ஓரளவு குறைந்தன. தாய் சேய் இறப்பிலோ வேறுபாடு எதுவும் தெரியவில்லை. அழுத்தம் அதிகம் என்று கண்டுபிடித்துவிட்டு, வலிப்பைத் தடுக்கக் கொடுக்க மெக்னீசியம் சல்பேட் மருந்தும், அனுப்பி வைக்க ஓர் அறுவை அரங்கும் இல்லையென்றால், கண்டுபிடித்ததால் என்ன பயன்? தோல்வியுற்றது என்று ஒதுக்கப்படும் இத்தகைய ஆய்வுகளை வெற்றி பெற்றவற்றோடு சேர்த்துப் படிப்பதே முறையான படிப்பு.

மூன்றாவது தாமதத்தில் கருவிக்கும் மருந்துக்கும் அப்பால் ஒன்று உண்டு. வலியில் கத்தும் பெண்ணை அதட்டுவதும், துணைக்கு வந்த தாயை வெளியே நிறுத்துவதும், அழுத்தம் எவ்வளவு என்று கேட்டால் பதில் சொல்லாமல் போவதும் வெறும் மரியாதைக் குறைவு என்று எண்ணப்படுகின்றன. ஆனால், மருத்துவமனையில் எப்படி நடத்துவார்கள் என்ற எதிர்பார்ப்பும் போவதா வேண்டாமா என்ற முடிவைத் தீர்மானிக்கிறது என்று தாடியஸும் மெய்னும் அன்றே சுட்டியிருந்தார்கள். ஒரு பெண் பிரசவ அறையில் கேட்ட சொல் குடிநீர்க் குழாயடியில் பத்துப் பேருக்குப் போய்ச் சேர்கிறது. அதன் விளைவு அடுத்த வீட்டில், இன்னும் கொஞ்ச நேரம் வலி பொறுத்துப் பார்க்கலாம் என்ற முடிவாக வெளிப்படுகிறது. முதல் தாமதத்தையும் மூன்றாவதையும் தனித்தனிப் பெட்டிகளாக எண்ணுபவர்கள் இந்தத் தொடர்பைத் தவறவிடுகிறார்கள்.

இவையெல்லாம் எப்படித் தெரியவருகின்றன? தமிழ்நாட்டில் 1990களிலிருந்தே பேறுகால இறப்புகள் தணிக்கை செய்யப்பட்டுவருகின்றன. மருத்துவமனையில் ஆவணங்களைப் பார்ப்பது ஒரு பகுதி. இறந்தவர் வீட்டுக்குப் போய், வலி எத்தனை மணிக்கு எடுத்தது, யாரிடம் சொன்னீர்கள், வண்டி எப்போது வந்தது, எந்தெந்த வாசலில் எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்று குடும்பத்தாரிடம் கேட்டறிவது மற்றொரு பகுதி. மாவட்ட ஆட்சியர் நடத்தும் ஆய்வுக் கூட்டத்துக்குக் குடும்பத்தாரையும் அழைக்க வேண்டும் என்பது நாட்டு வழிகாட்டு நெறிகளில் உள்ள ஏற்பாடு. பிரிட்டனில் 1952 முதலும் கேரளத்தில் 2004 முதலும் நடந்துவரும் இரகசிய விசாரணை முறையில், பெயர்களை நீக்கிவிட்டு நிகழ்வை மட்டும் வல்லுநர்கள் ஆராய்கிறார்கள். தண்டனை வரும் என்று தெரிந்தால் நேரம் திருத்தி எழுதப்படும்; அப்படித் திருத்தப்பட்ட நேரத்தை வைத்து எந்தத் தாமதத்தையும் கண்டறிய முடியாது. அலட்சியத்துக்குத் தண்டனையே கூடாதா என்று குடும்பத்தார் கேட்பது நியாயமான கேள்வி. அதற்கான மேடையும் கற்றுக்கொள்வதற்கான மேடையும் வெவ்வேறாக இருக்க வேண்டும் என்பதே ஆய்வாளர்கள் தரும் விடை. இறப்புகள் குறைந்துவரும் இடங்களில், சாவின் விளிம்புவரை சென்று பிழைத்த தாய்மாரின் நிகழ்வுகளையும் இதே வகையில் ஆராய்வதற்கு உலகச் சுகாதார நிறுவனம் 2009இல் வரையறை வகுத்தது. அவர்கள் உயிரோடு இருப்பதால் என்ன நடந்தது என்பதைத் தாங்களே சொல்ல முடிகிறது.

மூன்று தாமதங்களும் சிக்கல் தொடங்கிய பிறகே எண்ணப்படுபவை. உதிரப்போக்குக்குச் சொன்ன அந்த இரண்டு மணி நேரம் என்பது ஒரு சராசரி; உடலில் இரத்தம் குறைவாக உள்ளவருக்கு அது இன்னும் குறுகும். ஆகையால், பிரசவத்துக்குப் பத்தாண்டு முன்பே, வளரிளம் பருவத்திலேயே ஒரு நான்காவது கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது என்று சொல்லலாம். ஐந்தாம் சுற்றுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 52.9 சதவீதத்தினருக்கு இரத்தசோகை. கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11க்குக் கீழே போனால் சோகை, 7க்குக் கீழே போனால் கடுஞ்சோகை. ஏழாம் மாதத்தில் 8 என்று கண்டுபிடித்து மாத்திரை கொடுக்கத் தொடங்கினால், பிரசவத்துக்குள் அதைச் சரிசெய்வதற்குக் காலம் போதாமல் போகலாம். பதினாலு வயதில் கண்டுபிடித்தால் காலம் தாராளமாக உண்டு.

பள்ளிகளில் வாரந்தோறும் கொடுக்கப்படும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையும், ஆண்டுக்கு இருமுறை கொடுக்கப்படும் குடற்புழு மாத்திரையும் இதற்காகத்தான். வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டும். ஒருமுறை குமட்டினால் அடுத்த வாரம் மாத்திரை சன்னலுக்கு வெளியே போகும். மதிய உணவுக்குப் பின் ஆசிரியர் முன்னிலையில் விழுங்கவைப்பதும், அதையொட்டித் தேநீர் குடிக்கக் கூடாது என்று சொல்வதும் மாத்திரை வழங்குவதற்கு இணையான முக்கியத்துவம் உடையவை. தேநீர் இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும். பத்தாம் வகுப்போடு நின்று, மீன் காயவைக்கும் களத்துக்கோ இறால் பதப்படுத்தும் கூடத்துக்கோ போய்விட்ட பெண்பிள்ளையைப் பள்ளி மாத்திரை தேடி வராது. அவளுக்கு அங்கன்வாடி வழியே மாத்திரை தர ஏற்பாடு உண்டு. ஆனால் அங்கன்வாடி திறந்திருக்கும் நேரம் அவள் வேலையில் இருக்கும் நேரம். இந்தக் கடற்கரையில் சோகையைப் பற்றி ஆய்வு செய்யப் புறப்படுபவர், பள்ளியின் வருகைப் பதிவேட்டைக் கேட்கும் முன், அதிலிருந்து பெயர் நீக்கப்பட்டவர்களின் பட்டியலைக் கேட்டு வாங்கிக்கொண்டு தொடங்கலாம்.